நிவாரண உணவு: அரிசி மூட்டையில் தொடங்கும் தவறுகள்

பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அண்மையில் ஏழெட்டு இளைஞர்கள் கூடியிருந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னேற்பாடாக நிவாரணப் பொருள்களின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரியில் ‘10 கிலோ அரிசி, 300 பை’ என்றிருந்தது. 2023 டிசம்பரில் நான் எழுதிய பட்டியலின் முதல் வரியும் எழுத்துப் பிசகாமல் அதுவே. அன்று அந்த வரியை அடித்துவிடச் சொல்ல ஆள் இருந்திருந்தால் என்னவெல்லாம் மிஞ்சியிருக்கும் என்ற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். காலாவதியான பொருளைக் கொடுக்காதீர்கள், மூட்டையை ஈரத் தரையில் அடுக்காதீர்கள் என்பனவெல்லாம் யாரும் அறிந்தவை. அவற்றுக்கு இங்கே இடமில்லை.

அடுப்பில்லாத வீட்டுக்கு அரிசி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரைமீறி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதி ஊர்கள் தீவுகளாயின. நான் அப்போது சேர்ந்திருந்த குழு, மழை ஓய்ந்த மூன்றாம் நாள், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூருக்கு 3 டன் புழுங்கல் அரிசியை 300 பைகளாகக் கட்டிக் கொண்டுபோய் இறக்கியது. பையை வாங்கிக்கொண்ட பாட்டி ஒருத்தி உடனே நகரவில்லை. “அரிசி தாரிய, சரி. எதுல வச்சுப் பொங்க?” என்று கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். மண் அடுப்பு கரைந்து ஒரு மேடாகக் கிடந்தது. விறகின் மேல் வண்டல் அப்பியிருந்தது. முந்தானையில் முடிந்திருந்த தீப்பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். குச்சியின் மருந்து அவள் விரலில் சேறாக ஒட்டிக்கொண்டது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் அவளுடைய ரேஷன் அரிசி இருந்தது. வெள்ளத்தில் ஊறிப் புளித்த வாடை அடித்தது. அரிசி அவளிடம் ஏற்கெனவே இருந்தது, அதைச் சோறாக்கும் வழிதான் போயிருந்தது. நாங்களோ அடுத்து ஊறப்போகும் இன்னொரு பத்துக் கிலோவைக் கொண்டுபோயிருந்தோம்.

நான்கு நாள் கழித்து மறுபடி போனபோது பாதிப் பைகள் கட்டவிழ்க்கப்படாமல் மக்கிய வாடையுடன் சுவரோரம் சாய்ந்திருந்தன. சிலர் பையைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ரொட்டி வாங்கியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல வாயில்லை. அரிசிக்கும் லாரிக்கும் சேர்த்து நாங்கள் செலவழித்தது ஒன்றரை லட்சத்துக்கு மேல். எங்கள் பக்கத்துத் தவசுப்பிள்ளைகள் (பந்திச் சமையற்காரர்கள்) ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் 3 டன் என்பது 24,000 சாப்பாடு. மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் நான்கு அண்டாவும் இரண்டு சமையற்காரர்களும் இருந்திருந்தால் ஊரே ஒரு வாரத்துக்கு மேல் பசியாறியிருக்கும்.

இந்தத் தவறு அறியாமையால் மட்டும் நேர்வதில்லை. பணம் தருகிறவர் “எத்தனை டன்?” என்றுதான் கேட்பார், “எத்தனை அடுப்பு?” என்று கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை. அரிசி எடை காட்டும், ரசீது காட்டும், லாரியை நிறைக்கும். சமையலுக்கு அப்படிக் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால், 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த எட்டயபுரத்தில் தொடங்கியபோது பிள்ளைகளின் கையில் அரிசியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவில்லை, சமைத்துத்தான் போட்டார்கள். விறகும் நேரமும் இல்லாத வீட்டில் அரிசி சோறாவதில்லை என்பது இந்த மண்ணில் முன்பே புரிந்திருந்த விஷயம்.

வெள்ளமில்லாத நாளிலும் அரிசியில் தொடங்குவது வீண்வேலை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்கு மேலும் அரிசியே கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. நெருக்கடிக் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி வேண்டுமென்பது உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் வைத்திருக்கும் திட்ட அளவு. அதை எட்டத் தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், அவற்றோடு சத்துமாவு, கொஞ்சம் சர்க்கரை, உப்பு என்று வகுப்பார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பத்து நாளைக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள்: பருப்பு மட்டும் 2 கிலோ 400 கிராம் வரும், எண்ணெய் ஒரு கிலோ வரும். நம் பைகளில் அரைக் கிலோ துவரம்பருப்பையும் 200 மில்லி எண்ணெயையும் வைத்துவிட்டு மீதி இடத்தையெல்லாம் அரிசியால் அடைக்கிறோம்.

ஆகவே, முதல் மூன்று நாளுக்குச் சமைத்த உணவை மட்டும் திட்டமிடுங்கள். அதிலும் சாம்பார் சாதம் வேண்டாம். காலையில் கட்டிய பொட்டலம் படகேறி, டிராக்டர் மாறி, பிற்பகலில் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போகும். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை மறுநாள் வரை தாங்கும். நீர் வடிந்த பிறகு தரும் பையில் முதலில் அடுப்பு, பாத்திரம், எண்ணெய்த்தாளில் சுற்றிய தீப்பெட்டி ஆகியவை இருக்கட்டும். அரிசியை அவற்றுக்குப் பின்னால் எழுதுங்கள்.

அரிசியும் சோப்பும் ஒரே பையில்

வேண்டாம். மூன்று முறை களைந்தாலும் கஞ்சியில் சோப்பு வாடைதான் வரும்.

பட்டியலை ஒரே ஆளிடம் விடுவது

ஊருக்குள் நுழைந்ததும் வெள்ளை வேட்டியுடன் ஒருவர் முன்வந்து, “பட்டியலை நான் தந்திடுதேன்” என்பார். பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவருடைய பட்டியல் அவருடைய தெருவில் தொடங்கி, அவர் நடந்து போகும் தூரத்தில் முடிந்துவிடும். கால்வாய்க்கு அப்பாலிருக்கும் பத்து வீடுகளும், செங்கல் சூளைக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒடிசாக் குடும்பங்களும் அதில் வருவதில்லை. அந்தக் குடும்பங்கள் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தின்கீழ் இங்கே மத்திய அரசின் தானியத்தைத்தான் வாங்க முடியும். நம் மாநிலத்தின் மானியப் பருப்பும் பாமாயிலும் அவர்களுக்குக் கிடையாது. ஆகையால் பருப்புப் பை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். குடும்ப அட்டையின் நகலைக் கேட்பதும் இதே பிழையின் மறுபக்கம். அட்டையே இல்லாதவரும் உண்டு. சர்க்கரை அட்டை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாத ஏழையும் உண்டு. ஒரு முறை நீங்களே வாசல் வாசலாக நடந்து எண்ணுங்கள். சிற்றூராக இருந்தால் அரை நாள் போதும்.

மிதக்கும் அரிசி

ரேஷன் அரிசியில் செறிவூட்டிய அரிசி நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து வருவதுண்டு. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்து மணி வடிவில் அழுத்தியெடுப்பது அது. களையும்போது சில மணிகள் மேலே மிதக்கும்; நிறமும் சற்று மாறுபடும். அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லிப் பொறுக்கி எறிகிற வீடுகள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், நம் தன்னார்வலர்களும் அதை நம்பித் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். பொது அடுக்களை நடத்துகிறவர்கள் சமையற்காரருக்கு முதல் நாளே இதை விளக்கிவிட வேண்டும்.

விநியோக நேரம்

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களுக்குச் சுற்றிய பீடியை ஒப்படைத்து, இலையும் தூளும் வாங்கிவர என்று ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் டோக்கன் கொடுத்து வரிசையில் நிறுத்தினால், நாம் தரும் பையின் விலையை அவர்கள் கூலியில் இழப்பார்கள். எந்த நேரம் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

மலையிலுள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குச் சொல்லாமல் போவது

பாபநாசம் சோதனைச் சாவடியிலேயே வண்டி நின்றுவிடும். வனத்துறையின் அனுமதியை முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

புகைப்படம்

வாங்குகிறவரின் முகம் வேண்டாம்.

மீந்த பொருள்

கடைசி நாளில் மீந்ததைக் கோயில் மண்டபத்தில் வைத்துவிட்டுத் திரும்புவது எங்கள் குழுவின் பழக்கமாக இருந்தது, எலிகள்தான் பயனடைந்தன. சத்துணவு மையத்துக்குத் தருவதானால் அமைப்பாளரிடம் முதலில் கேட்டுவிட்டுத் தாருங்கள். அவரிடம் இருப்புப் பதிவேடு உண்டு. கணக்கில் ஏறாத ஒரு மூட்டைப் பருப்பு, ஆய்வுக்கு வரும் அதிகாரியின் முன்னால் அவருக்குத்தான் தலைவலி.