உறையிடும் இயந்திரத்தில் தாள் சிக்கினால்: சென்சாரையும் நேரக் கணக்கையும் கொண்டு பழுதைக் கண்டறிதல்

தாளை மடித்து உறைக்குள் இடும் அலுவலக இயந்திரம் "தாள் சிக்கியது" என்று அறிவித்தால், உடனே அதைப் பிடுங்கிவிடாமல், அது எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மிகச் சிறந்த தடயம் அதுதான்.

தாள் செல்லும் பாதையில் ஆங்காங்கே ஒளி சென்சார்கள் இருக்கும். தாளின் முன்விளிம்பு ஒரு சென்சாரை எட்டும் கணத்தைக் கட்டுப்பாட்டுப் பலகை குறித்துக்கொண்டு, அடுத்த சென்சாரை அது எப்போது எட்ட வேண்டும் என்று கணக்கிடுகிறது. உருளை நொடிக்கு 600 மி.மீ. வேகத்தில் தாளை நகர்த்தினால், 120 மி.மீ. தள்ளியுள்ள சென்சாரை அது 200 மில்லிநொடியில் அடைய வேண்டும். சிறிது கூடுதல் அவகாசத்துக்குப் பிறகும் வராவிட்டால் மோட்டார் நிறுத்தப்படும். சில இயந்திரங்கள் நேரத்துக்குப் பதிலாக, மோட்டார் அச்சிலுள்ள என்கோடர் (அச்சு சுழலும் அளவுக்கேற்ப மின்துடிப்புகளை அனுப்பும் கருவி) தரும் துடிப்புகளை எண்ணுகின்றன. இதுவே மேலான முறை. ஏனெனில் மோட்டாரின் வேகம் குறைந்தாலும் கணக்கு பிசகுவதில்லை.

ஆகவே, தாள் சென்சாரை எட்டாமலே நின்றிருந்தால் உருளை வழுக்குகிறதா என்று பார்த்து, அதைத் துடைக்க வேண்டும். எட்டிய பிறகும் இயந்திரம் அதை உணராவிட்டால் சென்சாரைச் சோதியுங்கள். தூசியின் விளைவு சென்சாரின் வகையைப் பொறுத்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்: ஒளியனுப்பியும் ஏற்பியும் எதிரெதிரே அமைந்த வகையில் தூசி படிந்தால், இல்லாத தாள் இருப்பதாகத் தோன்றும், தாளில் பட்டுத் திரும்பும் ஒளியை உணரும் பிரதிபலிப்பு வகையிலோ, இருக்கும் தாளே தெரியாமல் போகும். மின் இணைப்பைத் துண்டித்து, தாளை அது செல்லும் திசையிலேயே மெல்ல இழுத்தெடுத்து, சென்சாரை உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தபின், ஒரே ஒரு தாளைச் செலுத்திப் பாருங்கள்.