எஞ்சினைக் கட்டி முடித்த பின் லிஃப்டர் வைக்கும்போது செய்யக்கூடாதவை

முதல் ஸ்டார்ட்டிலேயே வால்வுப் பக்கம் 'டக் டக்' என்றால் பலரும் லிஃப்டரை (கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் துண்டு) குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் லிஃப்டர் நன்றாகவே இருக்கும். 'ஜீரோ'வை, அதாவது தளர்வு சரியாகத் தீரும் இடத்தை, பிடித்த விதத்தில்தான் பிசகு.

ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெயால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்வது) என்றால், லிஃப்டரையும் ராக்கரையும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) இணைக்கும் கம்பியான புஷ்ராடை விரலால் உருட்டிக்கொண்டே ராக்கர் நட்டை இறக்கி, உருட்ட முடியாமல் இறுகும் இடத்தை ஜீரோ என்று எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு. லிஃப்டர் உள்ளே இருக்கும் பிளஞ்சரின் (சின்ன பிஸ்டன்) ஸ்பிரிங் மென்மையானது. எண்ணெய் ஏறாத புது லிஃப்டரில், கைக்கு இறுக்கம் தெரிவதற்குள் பிளஞ்சர் பாதிக்கு மேல் அமுங்கியிருக்கும். அதன்மேல் முக்கால் சுற்று கொடுத்தால் பிளஞ்சர் அடிதட்டி, வால்வு சீட்டில் உட்காராது, கம்ப்ரஷன் போய்விடும். புஷ்ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அந்த ஆட்டம் நிற்கும் இடமே ஜீரோ.

அங்கிருந்து எவ்வளவு இறக்குவது? கையேடு சொல்வதைச் செய்யுங்கள். எஞ்சினைப் பொறுத்து அது அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்று வரை இருக்கும். அரைச் சுற்று சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அங்குலத்துக்கு 24 மரை உள்ள ஸ்டட்டில் அரைச் சுற்றுக்கு நட் 0.5 மி.மீ. தான் இறங்கும். ஆனால் ராக்கர் விகிதம் (வால்வுப் பக்கக் கை, புஷ்ராட் பக்கக் கையைப் போல எத்தனை மடங்கு என்பது) 1.5 என்றால் பிளஞ்சர் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. அமுங்கும். வைத்த கையோடு செல்ஃப் அடிக்கவும் கூடாது. எண்ணெய் நிறைந்த லிஃப்டர் வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். எண்ணெய் கசிந்து வால்வு உட்கார அரை மணி நேரம் விடுங்கள்.

எந்த வால்வை எப்போது வைப்பது என்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். புல்லியில் டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) குறி நேராக நின்றால் போதாது, நான்கு ஸ்ட்ரோக் சுழற்சியில் அந்தக் குறி இரண்டு முறை வரும். இரண்டு வால்வும் சேர்ந்து அசைகிற டி.டி.சி.யில் வைத்தால் அளவு மொத்தமும் தப்பு. டைமிங் குறியையே நம்ப வேண்டாத வழி ஒன்று உண்டு: எக்ஸாஸ்ட் திறக்கத் தொடங்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கை வையுங்கள், இன்டேக் திறந்து மூடி முடிக்கும் தறுவாயில் எக்ஸாஸ்ட்டை. பி.எம்.சி. பி-சீரிஸ் போன்ற 8 வால்வு எஞ்சின்களுக்கு 9 கணக்கு (இரண்டு வால்வு எண்களையும் கூட்டினால் 9) போதும்: 1-ம் வால்வு முழுக்கத் திறந்திருந்தால் 8-ஐ, 3 என்றால் 6-ஐ.

சாலிட் லிஃப்டரில் (உள்ளே பிளஞ்சர் இல்லாதது, இடைவெளியை நாமே வைக்க வேண்டும்) ஏமாற்றுவது ராக்கரின் தேய்மானம். வால்வு தண்டு பட்டுப் பட்டு ராக்கர் முனையில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு பள்ளத்துக்கு மேலே பாலம் போல நிற்கும். கேஜ் 0.015 அங்குலம் என்று காட்டும், உள்ளே இடைவெளி அதைவிட அதிகம். முனையைச் சாணை பிடித்தோ ராக்கரை மாற்றியோ சரிசெய்யாமல் அளப்பது வீண். சத்தம் போகட்டும் என்று இடைவெளியைக் குறைத்து வைப்பது இன்னும் மோசம். சூடேறினால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாது, வெப்பம் சீட்டுக்குப் போக வழியின்றி வால்வு கருகும்.

அட்ஜஸ்ட்மென்ட் இல்லாத ராக்கர் என்றால் ஹெட்டை மில்லிங் செய்ததையும், சீட் வெட்டியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டுமே பிளஞ்சரைக் கூடுதலாக அமுக்கும். குட்டையான புஷ்ராடோ, ராக்கர் ஷாஃப்ட் அடியில் ஷிம்மோ (மெல்லிய தகடு) தேவைப்படலாம்.

பழைய லிஃப்டர்களை இடம் மாற்றிப் போடக்கூடாது. ஒவ்வொன்றும் கேமில் உள்ள தன் லோபோடு (மேட்டோடு) சேர்ந்து தேய்ந்தது. புது ஃப்ளாட் டேப்பெட் (அடி தட்டையான லிஃப்டர்) கேமுக்குப் புது லிஃப்டர்தான். லோபில் கேம் பேஸ்ட்டும், ஜிங்க் உள்ள எண்ணெயும் கட்டாயம். ஸ்டார்ட் ஆனதும் 20 முதல் 30 நிமிடம் 2,000–2,500 ஆர்.பி.எம்.மில் ஓட வேண்டும், ஐடிலில் விடவே கூடாது. கிராங்க் சுழன்று வீசும் எண்ணெய்தான் லோபுக்கு வரும், ஐடிலில் அது போதாது. லிஃப்டர் சுற்றவில்லை என்றாலும் கேம் போய்விடும். புஷ்ராடில் மார்க்கரால் கோடு போட்டு, அது திரும்புகிறதா என்று பாருங்கள்.

ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லும் கேஸ்கெட் என்றால், முதலில் அதைச் செய்துவிட்டுத்தான் டேப்பெட் இடைவெளியைப் பார்க்க வேண்டும். கேஸ்கெட் அமுங்கினால் வைத்த இடைவெளி குறையும்.