மனம் களைத்துப்போனால்: சுமையைக் கண்டுபிடித்து இறக்குவது எப்படி

நித்திரை கொண்டு எழும்பியும் களைப்புப் போகவில்லை. சின்னச் சத்தத்துக்கும் கோபம் வருகிறது. முன்பு ஆசையாகச் செய்த அலுவலைக் கண்டாலே விலகிப்போகத் தோன்றுகிறது. 'இனி என்னால் ஒன்றும் ஏலாது' என்ற நினைப்பு வந்து குந்திவிடுகிறது. இவை சேர்ந்து கிழமைக்கணக்கில் நீடித்தால் அதை மனக்களைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இது பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் வெளியே வரும்: தலையிடி, நெஞ்சுப் பாரம், முதுகு நோ, அடிக்கடி பெருமூச்சு. அதனால் பனடோலோடு காலம் போய்விடுகிறது.

2022இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 என்ற நோய் வகைப்பாட்டில், வேலையால் வரும் இந்தக் களைப்பை உலக சுகாதார நிறுவனம் நோயாகப் பதியவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்றே பதிந்திருக்கிறது. அந்த வரையறை வேலைத்தளத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் படுக்கையில் கிடக்கும் தாயை இரவு பகலாகப் பார்க்கும் மகளுக்கும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையோடு சேர்ந்து தானும் படிக்கும் தாய்க்கும் வருவது வேறொன்றில்லை. மாற்றவேண்டியது உங்கள் மனவுறுதியை அல்ல, சுமையின் அளவை. இரண்டு நாள் லீவு போட்டு நயினாதீவுக்குப் போய்வந்தும் திங்கட்கிழமை பழையபடி ஆகிவிடுவது இதனால்தான். இறைத்த கிணறு ஊறும் என்பது சரி. ஆனால் மோட்டர் போட்டு நாள் முழுக்க இறைத்தால் யாழ்ப்பாணத்துக் கிணற்றில் உவர்தான் ஏறும்.

முதல் கிழமை: எழுதுவது மட்டும்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு கிழமை கவனியுங்கள். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். காலை எழும்பியதும், மத்தியானம் இரண்டு மணியளவில், இரவு ஒன்பது மணிக்கு என்று மூன்று தரம் ஒவ்வொரு வரி எழுதுங்கள். உடம்பிலும் மனதிலும் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று 0 முதல் 10 வரை ஒரு எண். பக்கத்தில், கடந்த சில மணித்தியாலம் என்ன செய்தீர்கள், யாரோடு இருந்தீர்கள். 'இரவு 9: 3. மாமிக்குக் கால் மருந்து கட்டினது, பிறகு கனடா போன் ஒரு மணித்தியாலம்.' இவ்வளவுதான். பலர் முதல் நாள் இரண்டு பக்கம் எழுதி மூன்றாம் நாள் கொப்பியை மறந்துவிடுவார்கள். ஒரு வரிக்கு மேல் போகாதீர்கள்.

ஏழாம் நாள் கொப்பியை எடுத்து, எண் முந்தைய வரியைவிட ஒரேயடியாக 3 அல்லது அதற்கு மேல் குறைந்த இடங்களுக்குக் கீழே கோடு போடுங்கள். வீடு கூட்டியதும் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியதும் அங்கே அவ்வளவாக இருக்காது. உடம்பு வேலை களைப்பைத் தந்தாலும் அது நித்திரையோடு போய்விடும். கோடு விழுவது உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக முகத்தை வைத்திருக்க வேண்டிய இடங்களில்: அலுவலகக் கவுண்டர், ஒரே கேள்வியை நாற்பது தரம் கேட்கும் மறதி நோயுள்ள அப்பா, கிழமைக் கடன் வசூலுக்கு வருபவர், 'அங்கே உங்களுக்கு என்ன குறை' என்று முடியும் வெளிநாட்டு அழைப்பு. கோடு விழுந்தவற்றில் இரண்டை மட்டும் தெரிவுசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போவதும் இன்னொரு சுமைதான்.

இந்தக் கிழமையிலேயே ஒரு வைத்தியரைப் பார்த்து இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, சலரோகம் மூன்றும் மனக்களைப்புப் போலவே காட்டும். சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவும் வரலாம். முருங்கையிலையும் கீரையும் பயறும் நன்றாகச் சாப்பிட்டும் இரத்தம் ஏறாமல் இருப்பதற்கு ஒரு காரணம், சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணீர். தேயிலையில் உள்ள பொருட்கள் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்து கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

நித்திரை

படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, எழும்பும் நேரத்தை முடியும். காலை ஐந்தரை என்றால் ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) ஐந்தரைதான், கூடினால் அரை மணித்தியாலம் பிந்தலாம். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது வேண்டும். அங்கேயிருந்து பின்னோக்கி எண்ணிப் படுக்கைக்குப் போங்கள்.

பின்னேரம் நாலு மணித் தேத்தண்ணீர் எங்கள் வீடுகளில் விடமுடியாத ஒன்று. தேயிலையில் உள்ள கஃபீனில் பாதி உடம்பிலிருந்து இறங்க ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். நாலு மணிக்குக் குடித்ததில் பாதி ஒன்பது மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். நித்திரை பிடிக்காதவர்கள் இரண்டு மணியோடு நிறுத்திவிட்டு, நாலு மணிக்கு மல்லித் தண்ணீரோ இஞ்சித் தண்ணீரோ பனங்கட்டியோடு குடிக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் தலையிடிக்கலாம். அது பழக்கம் விடும் தலையிடி, பயப்பட வேண்டாம்.

பங்குனி, சித்திரை வெயிலில் சீமெந்துத் தளம் போட்ட வீடு பகல் முழுக்கச் சூட்டை வாங்கி இரவில் உள்ளே விடும். அந்த மாதங்களில் அறையை விட விறாந்தையில் நுளம்பு வலை கட்டிப் படுப்பது நல்லது. படுக்க முன் ஒரு குளிப்பும் உதவும். படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் கண் மூடவில்லை என்றால் எழும்பி மங்கல் வெளிச்சத்தில் குந்தியிருந்து, நித்திரை வரும்போது திரும்பிப் படுங்கள். அந்த நேரத்தில் போனை எடுத்தால் மணி இரண்டாகிவிடும்.

படுத்தவுடன் யோசனை ஓடுபவர்களுக்கு ஒரு வழி: பின்னேரம் ஆறரை மணிக்குப் பதினைந்து நிமிடம் யோசிக்கவென்றே ஒதுக்குங்கள். கொப்பியின் பக்கத்தை நடுவே மடித்து, இடப்பக்கம் நாளைக்குச் செய்யக்கூடியதை எழுதுங்கள். 'கரண்ட் பில் கட்டுறது', 'ரீச்சரிட்டைக் கதைக்கிறது' என்று செயலாக எழுதவேண்டும், 'காசுக் கஷ்டம்' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. வலப்பக்கம் உங்கள் கையில் இல்லாதவை. இரவில் யோசனை வந்தால் அது கொப்பியில் இருக்கிறது, நாளைக்கு ஆறரைக்குப் பார்ப்போம் என்று விடலாம். முதல் சில நாள் மனம் கேட்காது. பத்து நாளாவது விடாமல் செய்யுங்கள்.

சுமையைப் பகிரக் கேட்பது

எல்லாவற்றிலும் கடினமானதும் அதிகம் பலன் தருவதும் இதுதான். 'எனக்கு ஏலாமக் கிடக்கு, ஒருத்தரும் உதவுறேல்லை' என்று சொன்னால் கேட்பவர் பாவப்படுவார், அல்லது கோபிப்பார். இரண்டாலும் ஒரு வேலையும் குறையாது. எந்த வேலை, எந்த நாள், எத்தனை மணி என்று சொல்லுங்கள். 'அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணியிலையிருந்து ஆறு மணிவரைக்கும் அம்மாவோடை நீங்கள் இருக்கவேணும். மருந்தெல்லாம் நான் எடுத்து வைச்சிட்டுப் போவன்.' இப்படிக் கேட்டால் ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் வரும். இல்லை என்றால், 'அப்ப எந்த நாள் ஏலும்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் 'சரி பரவாயில்லை, நானே பாக்கிறன்' என்று சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் காசு அனுப்புவதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைப்பதற்கு, இங்கே தேவை என்ன என்று யாரும் கணக்காகச் சொல்லாததும் காரணம். 'தம்பி, நீ அனுப்புறது பெரிய உதவி. இப்ப எனக்குத் தேவை, கிழமையிலை இரண்டு நாள் அம்மாவைப் பாக்க ஒராள். மாதம் எவ்வளவு வரும் எண்டு விசாரிச்சுச் சொல்லுறன். அதை நீ பொறுப்பெடு.' இதைச் சொல்வதற்கு முன் ஊரில் விசாரித்து ஆளையும் தொகையையும் அறிந்துவையுங்கள். தொகை இல்லாத கோரிக்கை 'பாப்பம்' என்பதோடு நின்றுவிடும்.

அழைப்புகளுக்கு நேரம் குறியுங்கள். ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் வித்தியாசம். அங்கே மத்தியானம் ஒரு மணிக்கு ஆறுதலாக எடுத்தால் இங்கே இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. சனிக்கிழமை அவர்கள் காலை எட்டு மணிக்கு எடுத்தால் எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை அல்லது ஆறரை. லண்டன்காரர் மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்தாலும் அதே நேரம்தான் வரும். 'இரவு எட்டரைக்குப் பிறகு போனை நிப்பாட்டிவைப்பன், அவசரமெண்டால் பக்கத்து வீட்டுக்கு எடுங்கோ' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கோபம் வராது. வந்தாலும் ஓரிரு கிழமையில் பழகிவிடுவார்கள்.

வேலைத்தளத்தில் உங்களுக்கு மறுக்கும் அதிகாரம் குறைவாக இருக்கலாம். அங்கேயும் முன்னுரிமையைக் கேட்கலாம்: 'சேர், இந்த இரண்டிலை எது இண்டைக்கு முடியவேணும்?' போயா விடுமுறையில் அரை நாளையாவது எந்த அலுவலும் குறிக்காமல் வெறுமையாக விடுங்கள். கலியாணவீடு, அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் நீங்களே போகவேண்டும் என்றில்லை, வீட்டில் ஒருவர் போனால் முறை தீர்ந்துவிடும்.

நாளின் நடுவே

களைப்பு உச்சத்தில் இருக்கும்போது செய்யக்கூடியது மூச்சை நீட்டுவது. மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், அது இதயத் துடிப்பைத் தணிக்கும். நெஞ்சு நிறைய இழுக்கத் தேவையில்லை. அப்படி வேகமாக ஆழமாக இழுப்பதால்தான் சிலருக்குத் தலை சுற்றி விரல் நுனி விறைக்கும். கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருகிறவர்கள் மூடவே வேண்டாம். முன்னால் உள்ள ஒரு பொருளைப் பார்த்தபடி, பாதம் இரண்டும் நிலத்தில் படுவதைக் கவனித்தபடி செய்யுங்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்லவேண்டும். போரில் உறவை இழந்தவர்களுக்கும், காணாமல் ஆக்கப்பட்டவரை இன்னும் தேடுகிறவர்களுக்கும், போர் முடிந்த மே மாதம் வந்தாலே தெம்பு விழும். திருவிழா வெடிச் சத்தத்திலும் சிலருக்கு அப்படி ஆகும். அது பலவீனமல்ல, கொப்பியில் எண் போட்டுச் சரிசெய்யும் விடயமும் அல்ல. அந்த நாட்களை முன்பே கலண்டரில் குறித்து, அந்தக் கிழமையில் புது அலுவல் எதையும் ஏற்காமல் விட்டு, தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் இருபது, முப்பது நிமிட நடை போதும். வெயில் ஏற முன், காலை ஏழுக்குள், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. பண்ணைக் கடற்கரையோ ஆரியகுளமோ வீட்டு ஒழுங்கையோ எங்கே என்பது பெரிய விடயமில்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு போனால் நின்றுபோகாது.

கள்ளும் சாராயமும் நித்திரையைச் சீக்கிரம் கொண்டுவந்து நடுச்சாமத்தில் குழப்பிவிடும். மற்றவருக்குக் கொடுத்த நித்திரைக் குளிசையை வாங்கிப் போடுவது அதைவிட ஆபத்து.

வைத்தியரிடம் எப்போது

சுமையைக் குறைத்து, நித்திரையும் ஓரளவு சரியாகியும் ஒன்றிலும் விருப்பம் வரவில்லை, அல்லது இரண்டு கிழமையாக அநேகமாக எல்லா நாளும் மனம் இருண்டு கிடக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, நான் யாருக்கும் பாரம் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. 'தெல்லிப்பழைக்குப் போனவர்' என்ற ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம் இருந்தால் முதலில் பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ, சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையத்திலோ கதைக்கலாம்.

வைத்தியரிடம் 'தலையிடி' என்று மட்டும் சொன்னால் தலையிடிக்குத்தான் மருந்து கிடைக்கும். எத்தனை கிழமையாக, நித்திரை எத்தனை மணித்தியாலம், சாப்பாடு எப்படி, அழுகை வருகிறதா என்பதைச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியையும், போடுகிற குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கள். மனச்சோர்வுக்குத் தரும் மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். ஒரு கிழமையில் பலனில்லை என்றோ, சுகம் வந்துவிட்டது என்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் தமிழிலும் கதைக்கலாம். ஆபத்தான நிலை என்றால் 1990 அம்புலன்ஸ். வீட்டில் உள்ளவர்கள் அவரைத் தனியே விடாதீர்கள். அப்படி எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது. தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள குளிசைகளையும் அன்றைக்கே எடுத்து, வேறொரு வீட்டில் பூட்டிவைக்கக் கொடுத்துவிடுங்கள்.