ட்வீட்டேலிலிருந்து கன்னிமாரா வரை: பிரிட்டிஷ் பிரபுக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுவது எப்படி?

பிரிட்டிஷ், ஸ்காட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேட உட்காருகிறவர்கள் முதலில் திணறுவது பெயர்களில்தான். ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருக்கும், ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். வெறும் விதியாகச் சொன்னால் மண்டையில் ஏறாது, அதனால் ஒரு குடும்பத்தையே எடுத்துச் செய்து பார்ப்போம். ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியனில் கிஃபர்ட் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் யெஸ்டர் மாளிகையின் ஹே குடும்பம் அது. அதில் 8-வது மார்க்குவிஸ் ஆஃப் ட்வீட்டேலான ஜார்ஜ் ஹே (1787–1876), 1842 முதல் 1848 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர்.

படி 1: பட்டம் வேறு, குடும்பப் பெயர் வேறு

ஒரு தாளில் ஆளுக்கு ஒரு வரி ஒதுக்கி, குடும்பப் பெயர், பட்டம், எத்தனையாவது, பிறப்பு-இறப்பு என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பட்டங்களின் வரிசை மேலிருந்து டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். ஸ்காட்லாந்துப் பட்டங்களில் மட்டும் கடைசிப் படி ‘லார்ட் ஆஃப் பார்லிமென்ட்’. ஹே குடும்பம் 1488-இல் லார்டாகத் தொடங்கி, 1646-இல் ஏர்லாகி, 1694-இல் மார்க்குவிஸ் ஆனது. ஒவ்வொரு பட்டத்துக்கும் எண் புதிதாக ஆரம்பிக்கும் என்பதால் 2-வது ஏர்லும் 1-வது மார்க்குவிஸும் ஒரே ஆள்தான்.

அப்பா உயிரோடு இருக்கும்போது வாரிசு அப்பாவின் சின்னப் பட்டம் ஒன்றை மரியாதைக்காகப் போட்டுக்கொள்வார். ஜார்ஜ் ஹேயின் மூத்த மகன் ஏர்ல் ஆஃப் கிஃபர்ட் என்று அழைக்கப்பட்டு, 1862-இல் அப்பாவுக்கு முன்பே இறந்துபோனார். அடுத்த மகன் ஆர்தர் அன்றிலிருந்து வைகவுண்ட் வால்டன் ஆகி, 1876-இல் 9-வது மார்க்குவிஸ் ஆனார். பறவையியலில் பெரிய ஆள். அந்தத் துறையின் பழைய கட்டுரைகளில் வால்டன் என்றும் ட்வீட்டேல் என்றும் வருவது இவர் ஒருவரைத்தான், இரண்டு பேர் என்று எழுதிவிடாதீர்கள்.

படி 2: புத்தகத்தில் எலும்புக்கூட்டைப் பிடியுங்கள்

ஸ்காட்லாந்துக் குடும்பம் என்றால் நான் முதலில் திறப்பது ‘ஸ்காட்ஸ் பீரேஜ்’ (பீரேஜ் என்றால் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளித் தொகுப்பு). 1904 முதல் 1914 வரை 9 தொகுதிகளாக வந்தது, இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகப் படிக்கலாம். 1826 முதல் வெளிவரும் ‘பர்க்ஸ் பீரேஜ்’ தொகுப்பும் வசதியானதுதான், ஆனால் அதன் பழைய பதிப்புகளில் குடும்பம் சொன்ன கதையை அப்படியே அச்சடித்திருப்பார்கள். ஹே வம்சத்துக்கே லங்கார்ட்டி போரில் ஓர் உழவர் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு டேனியர்களை விரட்டினார் என்று ஒரு மூலக் கதை உண்டு. கேட்க அருமையாக இருக்கிறது, வம்சாவளி மரத்தில் மட்டும் ஏற்றாதீர்கள். ஆவணத்தில் கிடைக்கும் ஆதி ஆள் 12-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அரசர்களிடம் பணிபுரிந்த நார்மன் வழி வில்லியம் டி லா ஹே.

இந்தப் புத்தகங்களின் குறியீடுகளில் இரண்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: டி.எஸ்.பி. (d.s.p.) என்றால் பிள்ளையில்லாமல் இறந்தவர், டி.வி.பி. (d.v.p.) என்றால் தந்தை இருக்கும்போதே இறந்தவர். மேலே சொன்ன கிஃபர்ட் டி.வி.பி. தான். ஆர்தர் 1878-இல் பிள்ளையில்லாமல் இறந்ததால் பட்டம் தம்பி வில்லியத்துக்குப் போனது.

படி 3: பட்டம் எந்த வழியில் இறங்குகிறது?

ஒவ்வொரு பட்டத்தையும் தரும்போதே யாருக்கு இறங்கலாம் என்று எழுதித்தான் தருவார்கள், அதைப் பார்க்காமல் கோடு இழுக்கக் கூடாது. ஜார்ஜ் ஹேயின் மருமகனையே பாருங்கள், நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் டல்ஹௌசி. ஸ்காட்லாந்தின் ராம்சே குடும்பத்தில் 10-வது ஏர்ல். பஞ்சாபைப் பிடித்ததும் 1849-இல் மார்க்குவிஸ் ஆக்கினார்கள். அவருக்கு இரண்டு பெண்கள், மகன் இல்லை. 1860-இல் அவர் இறந்ததும் மார்க்குவிஸ் பட்டம் அவரோடு முடிந்தது, ஏனென்றால் அது அவருடைய நேர் ஆண் வாரிசுக்கு மட்டும். 1633-இல் வந்த ஏர்ல் பட்டமோ பங்காளி வழியிலும் போகும், எனவே சித்தப்பா மகன் ஃபாக்ஸ் மோல் 11-வது ஏர்ல் ஆனார். அவர் பெயரில் ராம்சே இல்லையே என்று குழம்ப வேண்டாம், சொத்துக்காக அவருடைய அப்பா மோல் என்ற பெயரை ஏற்றுக்கொண்டவர். பட்டங்கள் தத்துப்பிள்ளைக்கும் போகாது. தத்துப்பிள்ளை செல்லாது என்ற வாரிசு இழப்புக் கொள்கையை வைத்து இங்கே சமஸ்தானங்களைப் பறித்தவருக்கு இப்படி!

படி 4: பெண்களை விடாதீர்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பீரேஜ் புத்தகங்கள் பட்டத்தின் பின்னாலேயே ஓடும், பெண்ணுக்கு யாரோடு கல்யாணம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஆணுக்குத் தாவிவிடும். அந்த ஒரு வரியில்தான் குடும்பங்கள் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஜார்ஜ் ஹேயின் மகள் சூசன் 1836-இல் டல்ஹௌசியைக் கட்டினார். இன்னொரு மகள் எலிசபெத், வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டனின் மருமகள் ஆனார். சூசனின் மூத்த மகள் பெயரும் சூசன்தான் (இப்படித்தான் படுத்துவார்கள்), அவர் 1863-இல் மணந்தது ராபர்ட் பர்க் என்பவரை. அந்த பர்க்தான் 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்து, நடுவில் லார்ட் கன்னிமாரா ஆனவர், எழும்பூர் நூலகத்தின் பெயர் அவருடையது. அதாவது தாத்தா ஆண்ட அதே மாகாணத்துக்குப் பேத்தி ஆளுநரின் மனைவியாக வந்திருக்கிறார். மார்க்குவிஸ் எண்களை மட்டும் வரிசையாக எழுதியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

படி 5: மூல ஆவணத்தில் சரிபார்க்கவும்

ஸ்காட்லாந்துக்கு ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ என்ற அரசுத் தளம் இருக்கிறது. 1855-க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள், அதற்குப் பிறகு அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு. இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837-லேயே தொடங்கிவிட்டது, ஆனால் ஸ்காட்லாந்தின் இறப்புப் பதிவில் பெற்றோர் இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு, இருக்கும். வம்சாவளி தேடுகிறவருக்கு அது லட்டு.

தேதியில் ஒரு கண் வையுங்கள். ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-ஐ ஆண்டுத் தொடக்கமாக்கிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மார்ச் 25-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது. லண்டன் பதிவேட்டில் 1690 பிப்ரவரி என்று இருந்தால் எடின்பரோவில் அது 1691 பிப்ரவரி. தாலி கட்டுவதற்கு முன்பே பிள்ளை பிறந்ததுபோல் உங்கள் மரத்தில் தெரிந்தால், வதந்தி கிளப்புவதற்கு முன் அந்த இரண்டு பதிவும் எந்த நாட்டில் எழுதப்பட்டவை என்று பாருங்கள்.