அறை வெப்பநிலை என்றால் மதுரையில் எத்தனை டிகிரி? சீஸ்கேக்கும் டார்ட்டும் சொதப்பும் இடங்கள்

எந்தச் சீஸ்கேக் குறிப்பை எடுத்தாலும் 'அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரவும்' என்று ஒரு வரி இருக்கும். குளிர் நாட்டில் எழுதியவருக்கு அது 20, 21 டிகிரி. சித்திரை, வைகாசியில் மதுரை அடுப்படியில் மத்தியானம் 34, 35 டிகிரி சாதாரணம். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகி ஓடும். அந்த வரியை அப்படியே நம்பி வெண்ணெயை இரண்டு மணி நேரம் மேடையில் வைத்தால் கிண்ணத்தில் எண்ணெய்தான் இருக்கும். இங்கே செய்கிறவர்கள் கடிகாரத்தைவிட வெப்பத்தைக் கவனிக்க வேண்டும்.

முதலில் டார்ட்டின் மாவு ஓடு, அதாவது நிரப்புவதைத் தாங்கும் கிரஸ்ட். 22 செ.மீ. டார்ட் தட்டுக்கு மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், ஐஸ் தண்ணீர் 3 முதல் 4 டேபிள்ஸ்பூன், கால் டீஸ்பூன் உப்பு. கடையில் பாக்கெட்டில் வரும் மஞ்சள் வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு உண்டு. அதைப் போட்டால் தனி உப்பு வேண்டாம். வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெண்ணெய் என்றால் உள்ளே மோர்த்தண்ணீர் நிற்கும். அழுத்திப் பிழிந்து, குளிரவைத்து, தண்ணீர் அளவில் ஒரு ஸ்பூன் குறைக்க வேண்டும். நெய் ஊற்றினால் ஓடு மணல்போல் பொலபொலக்கும், ருசியும் நன்றாகவே இருக்கும். ஆனால் அடுக்கு வராது. நெய்யில் தண்ணீரே இல்லை. வெண்ணெய்த் துண்டில் இருக்கும் தண்ணீர் அவனில் (சுடும் அடுப்பில்) ஆவியாகி மாவைத் தூக்குவதால்தான் அடுக்கு பிரிகிறது.

பெரிய தவறு கைப்பழக்கத்தில் இருக்கிறது. பரோட்டா ஊர்க்காரர்களுக்கு மைதா என்றாலே அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறவைத்து, விசிறி வீசுவதுதான் நினைவுக்கு வரும். அங்கே மாவுக்குள் இருக்கும் பசைப்புரதம் நீண்டு இழுபட வேண்டும். டார்ட் மாவுக்கு அந்த இழுவை வரவே கூடாது. வெண்ணெய்த் துண்டுகளை விரல் நுனியால் மைதாவோடு உரசி, பட்டாணி அளவுக் கட்டிகள் அங்கங்கே தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். உள்ளங்கை பட்டால் சூட்டில் வெண்ணெய் இளகும். தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளித்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். சப்பாத்தி மாவுபோல் வழவழப்பாக வந்துவிட்டால் அது ஏற்கெனவே அதிகம். சுட்டபின் பல்லால் இழுக்க வேண்டியிருக்கும்.

வெயில் காலத்தில் மைதாவையும் கிண்ணத்தையும்கூட அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைப்பது உதவும். காலை ஆறு மணிக்குள் மாவு வேலையை முடித்துவிடுவது அதைவிட நல்லது. இடையில் வெண்ணெய் பளபளக்க ஆரம்பித்தால் மேலே மாவு தூவிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கிண்ணத்தோடு பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள்.

சுட்டபின் ஓரம் சரிந்து ஓடு சுருங்கிப்போவதற்கு இரண்டு காரணங்கள். மாவுக்கு ஓய்வு கொடுக்காதது ஒன்று: தட்டையாகத் தட்டி, மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம், தட்டில் விரித்தபின் ஃப்ரீசரில் இன்னும் இருபது நிமிஷம். இழுத்து ஒட்டியது மற்றொன்று. இழுத்த மாவு சூட்டில் பழைய இடத்துக்கே திரும்பும். அதனால் தூக்கித் தூக்கி மூலையில் இறக்க வேண்டும். பிறகு முள்கரண்டியால் அடியில் குத்தி, பட்டர் பேப்பர் விரித்து, காய்ந்த கொண்டைக்கடலையை விளிம்புவரை நிரப்பி, 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிஷம். கடலையோடு பேப்பரை எடுத்துவிட்டு, அடி பொன்னிறமாகும்வரை இன்னும் 8 முதல் 10 நிமிஷம். கைப்பிடி கடலையைப் போட்டால் ஓரம் விழத்தான் செய்யும். அந்தக் கடலையைக் குழம்புக்கு எடுக்காமல் தனி டப்பாவில் வைத்தால் வருஷக்கணக்கில் இதற்கே உதவும். நிரப்புவது ஈரமானது என்றால், சூடான ஓட்டில் முட்டையின் வெள்ளைக்கருவை மெல்லப் பூசி இரண்டு நிமிஷம் சுட்டெடுங்கள்; அடி நமுத்துப்போகாது.

சீஸ்கேக்கின் பிஸ்கட் அடி இதைவிட எளிது. 18 செ.மீ. கேக் தகரத்துக்கு மாரி பிஸ்கட் 120 கிராம், உருக்கிய வெண்ணெய் 60 கிராம். டைஜஸ்டிவ் பிஸ்கட்டில் கொழுப்பு அதிகம் என்பதால் 50 போதும். அதிகமானால் வெண்ணெய் ஒழுகி, ஃப்ரிட்ஜில் அடி கல்லாகிவிடும். டம்ளர் அடியால் சமமாக அழுத்தி, 170 டிகிரியில் 10 நிமிஷம் சுட்டு, ஆறவைக்க வேண்டும்.

சீஸ் கலவை 18 செ.மீ. தகரத்துக்கு: க்ரீம் சீஸ் 500 கிராம், சர்க்கரை 130 கிராம், முட்டை 3, க்ரீம் 100 மி.லி., சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) ஒரு டேபிள்ஸ்பூன். கட்டிச் சீஸ் துண்டுகளையும் ரொட்டிக்குத் தடவும் உப்புச் சீஸையும் இதற்குப் பதிலாகப் போட முடியாது. உப்பும் குழைவும் வேறு. விலை பார்த்தால் தொங்கவிட்ட தயிர் நல்ல மாற்று. மெல்லிய துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டால் இந்த வெயிலில் இரவுக்குள் புளித்துவிடும். வடிகட்டியில் வைத்து ஃப்ரிட்ஜுக்குள் 24 மணி நேரம் வடியவிட்டு, வடிந்ததை எடை போட்டு 500 கிராம் எடுங்கள். அதற்குச் சோளமாவு இரண்டு ஸ்பூனாக்க வேண்டும்.

குளிர்ந்த சீஸை அடித்தால் மணிமணியாகக் கட்டி நிற்கும். பிறகு எவ்வளவு அடித்தாலும் போகாது. அதற்காக இரண்டு மணி நேரம் வெளியே வைக்க வேண்டியதில்லை. இங்கே அரை மணி முதல் நாற்பது நிமிஷம் போதும், விரல் எளிதாக இறங்க வேண்டும். சீஸையும் சர்க்கரையையும் முதலில் நன்றாக அடித்துக் கட்டியே இல்லாமல் ஆக்கிவிட்டு, க்ரீமையும் சோளமாவையும் சேருங்கள். முட்டையைக் கடைசியில் ஒவ்வொன்றாகப் போட்டு, கரைந்ததும் நிறுத்துங்கள். முட்டை போட்டபின் வேகமாக அடித்தால் காற்று புகுந்து, அவனில் பொங்கி, ஆறும்போது அமுங்கி வெடிக்கும்.

வெடிப்புக்கு இன்னொரு காரணம் அதிகச் சூடு. சின்ன ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின் அவனில்) சூடேறும் கம்பிகள் தகரத்துக்கு மிக அருகில் இருக்கும். திருகியில் காட்டும் டிகிரியையும் நம்ப முடியாது. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கினால் உண்மை தெரியும். 150 டிகிரியில், சுடுதண்ணீர்த் தட்டுக்குள் தகரத்தை வைத்து, சுமார் 50 முதல் 60 நிமிஷம். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் செய்யும் வேலைதான் இது: சுற்றிலும் 100 டிகிரிக்கு மேல் ஏறவிடாது. அடி கழற்றும் தகரத்துக்கு வெளியே அலுமினிய ஃபாயில் எத்தனை சுற்றினாலும் எப்படியோ தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதைவிடச் சற்றே பெரிய இன்னொரு கேக் தகரத்துக்குள் இறக்கி, அதைத் தண்ணீரில் வைப்பதே நிம்மதி.

வெந்ததா என்று குச்சி விட்டுப் பார்க்கக் கூடாது. சுத்தமாக வந்தால் வேக்காடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். தகரத்தைத் தட்டினால் ஓரம் நிற்க வேண்டும். நடுவில் ஓர் ஆரஞ்சுப் பழ அளவு மட்டும் வேகவைத்த சீம்பால்போல் ஆட வேண்டும். நடுவில் 65 முதல் 68 டிகிரி என்றால் சரியான பதம். அவனை அணைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி, ஒரு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். வெளியே எடுத்ததும் ஓரத்தில் கத்தியை ஒரு சுற்று ஓட்டினால், சுருங்கும்போது தகரத்தைப் பிடித்து இழுத்துக் கிழியாது.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்வதும் செய்முறையில் சேர்ந்ததுதான். ஓடிஜியை வீட்டு இன்வர்ட்டர் இழுக்காது. நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், உள்சூடு கொஞ்ச நேரம் தாங்கும்.

ஆறுவதற்கு என்று சீஸ்கேக்கை இரவு முழுவதும் மேடையில் விட்டால் கெட்டுவிடும். 32 டிகிரிக்கு மேல் பால் பண்டம் வெளியே இருக்க ஒரு மணி நேரம்தான் கணக்கு. இளஞ்சூடு தணிந்ததும் மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்து, முழுக்கக் குளிர்ந்தபின் மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் கோத்த நீர் சொட்டி மேல்புறம் அம்மைத் தழும்பாகிவிடும். குறைந்தது எட்டு மணி நேரம் கழித்து, சுடுதண்ணீரில் முக்கித் துடைத்த கத்தியால் வெட்டுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி துடைத்து. நத்தம் மாம்பழத் துண்டுகளைப் பரிமாறும் நேரத்தில் வைத்தால் போதும். அன்னாசி என்றால் சர்க்கரையோடு கொதிக்கவிட்டு ஆறவைத்துத்தான் வைக்க வேண்டும். பச்சையாக வைத்தால் அதிலுள்ள நொதி பால் புரதத்தை அரித்துக் கசக்கவைக்கும்.