மந்தார நாளிலும் தோல் எரியும்: மட்டக்களப்பு வெயிலை நிழலால் அளப்பது எப்படி?

போன மாசியில் மச்சானோடு வாவியில் தோணியில் போனேன். வானம் முழுக்க வெள்ளை மப்பு, கடற்காற்று வேறு குளுகுளு என்று அடித்தது, தொப்பியைக் கரையிலேயே விட்டுவிட்டேன். அன்றிரவு பின்கழுத்தில் சட்டைக் கொலர் முட்டினாலே உயிர் போனது. "வெயிலே எறிக்கவில்லையே, பிறகெப்படி?" என்று மச்சான் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் உணர்கிற சூடு வேறு, தோலை எரிக்கிற கழியூதாக் கதிர் (யூவி) வேறு. சூட்டைக் கொண்டுவரும் கதிரை முகிலிலுள்ள நீர் நன்றாகவே விழுங்கிவிடும், ஆனால் கழியூதாவில் பெரும்பங்கை மெல்லிய முகில் அப்படியே கீழே விட்டுவிடும். அதனால் "இண்டைக்குச் சூடில்லை" என்ற கணக்கு உதவாது.

சரி, எதைப் பார்ப்பது? உங்கள் நிழலைப் பாருங்கள். சமதரையில் நிமிர்ந்து நில்லுங்கள். நிழல் உங்கள் உயரத்தை விடக் கட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேலே நிற்கிறது, கதிர் வளியைக் குறுகிய வழியில் கடந்து வருகிறது, கவனமாக இருக்க வேண்டிய நேரம் அது. நம்முடைய ஊருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் கொடுமையானது. சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள் முந்தியும், பிறகு செப்டெம்பர் முதல் வாரத்திலும், மட்டக்களப்பில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கொடிக்கம்பத்துக்கே நிழல் இருக்காது. அந்த நாட்களில் காலை 9 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை நிழல் கட்டைதான். டிசம்பரிலாவது தப்பலாம் என்றால் அதுவும் இல்லை, அப்போதும் ஐந்தடி ஆளுக்கு நண்பகலில் மூன்றடி நிழல்தான் விழும்; ஏறத்தாழ 9.45 முதல் 2.15 வரை அதே கதை. அம்பாறை, பொத்துவில் பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது முகில். கன்னங்கரேலென்று இடியோடு வரும் மாரி முகில் நல்ல மறைப்பு. சாதாரணமாக வானம் முழுக்க மூடியிருந்தால், தெளிந்த வானத்தில் வருவதில் மூன்றிலொரு பங்கு கீழே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் வானிலை பார்க்கும்போது யூவி இன்டெக்ஸ் என்று ஒரு இலக்கம் வருமே, அது 11-ஐத் தொட்டாலே மிகக் கடுமை என்று அர்த்தம், இங்கே 12 என்று காட்டுவதெல்லாம் சாதாரணம். 12-இல் மூன்றிலொன்று 4. நாலு மணித்தியாலம் தோணியில் இருந்தால் 4 போதும், என் கழுத்தே சாட்சி. ஆனால் என்னைக் கேட்டால் மோசமான வானம் மூடிய வானமில்லை, பஞ்சுப் பஞ்சாக வெள்ளை முகில் சிதறி நடுவில் சூரியன் தெரிகிற வானம்தான். முகிலின் ஓரத்தில் பட்டுத் தெறிக்கிற கதிரும் சேர்ந்து, சில நிமிடங்களுக்குத் தெளிந்த வானத்தை விடவும் கூடுதலாகவே இறங்கும்.

காற்றில் தூசும் புகையும் இருந்தால் கொஞ்சம் குறையும், மழை கழுவி விட்ட வானத்தில் கூடும். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் வானம் வெளித்துப் போய்க் கிடக்கும், வியர்வையும் உடனே காய்ந்துவிடும், வெள்ளாமை வெட்டுகிறவர்களுக்கு எரிவது தெரியவே தெரியாது. ஓசோன் ஓட்டையைத் திட்டாதீர்கள், அது அந்தாட்டிக்காப் பக்கத்துச் சங்கதி. நம் தலைக்கு மேலே இந்தக் கதிரை வடிகட்டுகிற ஓசோன் படை இயல்பாகவே மெல்லிசு, முழுவதையும் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்து அமுக்கினால் இரண்டரை மில்லிமீற்றர் கனம்தான் தேறும். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒன்று: ஆயிரம் மீற்றர் ஏற ஏற இந்தக் கதிர் பத்து வீதத்துக்கு மேல் கூடும், கூதலில் போர்த்துக்கொண்டு நின்றாலும் மூக்கு உரியும்.

நிழலில் இருந்தால் போதுமா என்றால், எந்த நிழல் என்று கேட்பேன். அலைநீளம் குறைந்த கதிர் வளியில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறும், அதனால் நீல வானமே ஒரு விளக்கு மாதிரி. பாசிக்குடாக் கடற்கரையில் குடைக்குக் கீழே படுத்துப் பாருங்கள், வெயில் படாது, ஆனால் முக்கால் வானம் தெரியும். அந்த வானத்திலிருந்து வருவதோடு, காய்ந்த மணல் 15 வீதத்தைத் திருப்பி அனுப்பும். உட்கார்ந்த இடத்திலிருந்து எவ்வளவு வானம் தெரிகிறது என்று பாருங்கள், குறைவாகத் தெரிகிற இடம்தான் நல்ல நிழல். அந்த வகையில் தாழ்ந்த ஓலைக் கொட்டிலை எந்தக் குடையும் வெல்லாது. பாசிக்குடாவில் கடலும் தூரம் வரை ஆழமில்லாததால் பிள்ளைகள் மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடப்பார்கள். அரை மீற்றர் ஆழத்திலும் மேலே விழுவதில் 40 வீதம் போய்ச் சேரும், கைநீளச் சட்டையோடு இறக்குங்கள். சன்ஸ்கிரீன் பூசினால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, தண்ணீரால் ஏறினவுடன் இன்னொருக்கா.

கறுத்த தோலுக்கு ஒன்றும் செய்யாது என்பார்கள். எரிவது பிந்தும், அவ்வளவுதான். கண்ணுக்கு அந்தச் சலுகையும் இல்லை, கடலிலும் வயலிலும் காலம் கழித்தவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதும் வெண்புரை விழுவதும் இதனாலும்தான்.

வாகனத்தின் பக்கக் கண்ணாடி கழியூதாவில் தோலை எரிக்கிற வகையைப் பெரும்பாலும் மறிக்கும், கறுக்க வைக்கிற மற்ற வகையில் நிறையவே உள்ளே வரும். நம்பாவிட்டால் கல்முனை வீதியில் நெடுநாள் பஸ் ஓட்டின ஒருவரிடம் இரண்டு கையையும் ஒட்டி வைத்துக் காட்டச் சொல்லுங்கள், வலது கை எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.