வீட்டு ரவுட்டர், ஃபயர்வால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் சுவரில் ரவுட்டர் என்ற பெட்டியை மாட்டுவார், பல வீடுகளில் நம் செல்போன் எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாக வைப்பார், யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் அந்தப் பெட்டியை நாம் திரும்பிப் பார்ப்பது சிவப்பு லைட் எரியும்போதுதான். கணினிக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குபவர்கள்கூட ரவுட்டரும் ஒரு கணினிதான் என்று நினைப்பதில்லை. அதற்குள்ளும் பிராசசர், மெமரி, பெரும்பாலும் லினக்ஸ் எல்லாம் உண்டு. அதோடு, வெளியிலிருந்து வரும் எதுவும் முதலில் வந்து முட்டுவது அதன்மீதுதான்.

ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. வைஃபைக்கு ஒன்று. 192.168.1.1 போன்ற முகவரியில் திறக்கும் அமைப்புப் பக்கத்துக்கு இன்னொன்று. முதலாவதை மாற்றியவர்கள் இரண்டாவதை ‘அட்மின்’ என்றே விட்டுவைத்திருப்பார்கள். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் பிழைத்ததே இந்த அலட்சியத்தால்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் சுமார் 60 பயனர்பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது பிடித்தது. அப்படிப் பிடித்த பட்டாளத்தை வைத்து அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை (தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித்தரும் சேவை) தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் திறக்கவில்லை. தங்கள் வீட்டுக் கேமரா அந்தத் தாக்குதலில் கலந்துகொண்டது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. படம் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

சரி, ரவுட்டரில்தான் வேண்டாததைத் தடுக்கும் ஃபயர்வால் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த இணைப்பைத் தொடங்கியது யார்? உங்கள் மடிக்கணினி ஒரு தளத்தைக் கேட்டால், ரவுட்டர் அதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வரும்போது அட்டவணையில் பொருந்தினால் உள்ளே விடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதைத் தூக்கி எறியும். அவ்வளவுதான் அதன் வேலை. வாட்ஸ்அப்பில் வந்த ‘கரண்ட் பில் பாக்கி’ லிங்க்கை நீங்களே தட்டினால், நீங்களே கிராக் செய்த மென்பொருளை இறக்கினால், அந்த இணைப்பைத் தொடங்கியவர் நீங்கள். ஃபயர்வால் தடுக்காது. உள்ளே வந்த நச்சுநிரல் வெளியே தகவல் அனுப்பினாலும் வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

இதைவிட மோசம், ஃபயர்வாலில் நாமே ஓட்டை போடுவது. சிசிடிவி மாட்ட வருபவரிடம் “வெளியூரில் இருந்தாலும் போனில் தெரியணும்” என்று சொல்கிறோம். அவர்களில் சிலர் அமைப்புப் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் என்ற பகுதிக்குப் போய், கேமரா படங்களைப் பதியும் ரெக்கார்டருக்கு ஒரு கதவை, அதாவது போர்ட்டை, திறந்துவிடுவார்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் அந்தக் கருவியை டிஎம்இசட் என்ற பகுதியில் போட்டுவிடுவார்கள். ஒரு கதவல்ல, எல்லாக் கதவும் திறந்தாயிற்று. ரெக்கார்டரின் பாஸ்வேர்டு 123456 என்று இருந்தால் கேட்கவே வேண்டாம். இணையத்தில் திறந்திருக்கும் போர்ட்களை இரவுபகலாகத் தேடும் நிரல்கள் ஏராளம். உங்கள் வீடு யார் கண்ணில் படப்போகிறது என்ற சமாதானம் செல்லாது. தொலைவிலிருந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால், வீட்டு வலைக்குள் பூட்டிய பாதையில் நுழையும் விபிஎன் வழி நல்லது. யூபிஎன்பி என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலேயே போர்ட்டைத் திறந்துகொள்ள அது வழிவிடும். அணைத்தபின் ஆன்லைன் விளையாட்டில் ஏதாவது கோளாறு வந்தால், அந்த விளையாட்டுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாம். தொலைநிர்வாகம், அதாவது அமைப்புப் பக்கத்தை வெளியிலிருந்தே திறக்கும் வசதி, வீட்டுக்குத் தேவையே இல்லை.

பிரிண்டர் தெரியவில்லை என்றவுடன் விண்டோஸ் ஃபயர்வாலை அணைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ரவுட்டரில் ஒன்று இருக்கும்போது கணினியில் எதற்கு இன்னொன்று? ரவுட்டர் காப்பது வெளியிலிருந்து வருவதைத்தான். விருந்துக்கு வந்த தம்பியின் மடிக்கணினியில் கிருமி இருந்தால், அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 2003-இல் பிளாஸ்டர் என்ற, தானாகவே பரவும் கணினிப் புழு பரவி அடுத்த ஆண்டு, விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது, மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலை இயல்பாகவே இயங்கும்படி செய்தது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியதும் 445-ஆம் போர்ட் வழியாகத்தான்; ஒரே வலையில் இருந்த கணினிகளுக்குள்ளேயும் வேகமாகத் தாவியது. பிரிண்டருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். வெளியிடங்களின் வைஃபையில் சேரும்போது ‘பப்ளிக்’ என்று தேர்ந்தெடுங்கள்.

ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை வந்தபின் இன்னொரு நுணுக்கம். பழைய முறையில் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் மறைந்திருந்தன. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கலாம். ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் என்று தனியாக ஒரு தேர்வு இருந்தால், அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

வைஃபையின் பெயரை மறைத்துவைப்பதும், கருவிகளின் அடையாள எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் மேக் முகவரி வடிகட்டியும் ஆறுதலுக்குத்தான். தெரிந்தவனுக்குச் சில நிமிட வேலை. டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை, நீளமான பாஸ்வேர்டு, அது போதும். பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு எண்ணைக் கொடுத்து வைஃபையில் சேரும் டபிள்யூபிஎஸ் பின் வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்றாலும் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளுக்குள் உடைந்துவிடும் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.

கடைசியாக ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற நச்சுநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகளோடு இருந்த ரவுட்டர்கள். தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட மாடல் என்றால், நன்றாகத்தானே ஓடுகிறது என்று வைத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் அவர்களிடமே கேளுங்கள். சந்தேகம் வந்து ரீசெட் பட்டனை அழுத்துவதாக இருந்தால், அதற்கு முன்னால் இணைப்புக்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட்டில் அவையும் சேர்ந்து அழிந்துபோகும்.